ஒட்டி வைத்த பக்கத்துப் பூச்சி

நொச்சிக்குறிச்சி அங்கன்வாடியில் எஸ்தர் ரூபி டீச்சர் பூச்சிப் புத்தகம் படிக்க ஆரம்பித்த மூன்றாம் நாள், எறும்புப் பக்கத்தைத் திறந்ததும், சமையல் மேடையிலிருந்தும் வேப்பமரத்திலிருந்தும் அடுத்த வீட்டுச் சீனி டப்பாவிலிருந்தும் எறும்புகள் வரிசையாக உள்ளே வந்து, பிள்ளைகளுக்குப் பின்னால் இடம் பார்த்து உட்கார்ந்து, கதை முடியும்வரை கேட்டுவிட்டு, வந்த வரிசையிலேயே திரும்பிப் போயின. முதல் இரண்டு நாளும்கூட இது நடந்திருக்கலாம். ஆனால் முதல் நாள் தட்டான், இரண்டாம் நாள் வெட்டுக்கிளி. ஜன்னலில் தட்டான் வந்து உட்காருவதை யார் பெரிதாக எடுத்துக்கொள்வார்கள்?

டீச்சர் அதிசயப்படவில்லை. இருபத்திரண்டு வருஷமாகப் பால்வாடி நடத்துகிறவருக்கு அதிசயப்பட நேரம் கிடையாது. கதை நேரத்துச் சட்டத்தை எறும்புகளுக்கும் ஒருமுறை சொன்னார், அவ்வளவுதான். சட்டம் இதுதான்: இடது கையை மார்பின் குறுக்கே கட்ட வேண்டும், வலது கையின் ஆள்காட்டி விரலை உதட்டில் வைக்க வேண்டும், கதை முடியும்வரை எடுக்கக் கூடாது. பிள்ளைகளுக்கு மட்டுமில்லை, சோறு பொங்கும் சுடலியக்காவுக்கும், எடை பார்க்க வரும் நர்ஸுக்கும், சுதந்திர தினத்தன்று மிட்டாய் கொடுக்க வரும் பஞ்சாயத்துத் தலைவர் தளவாய்க்கும் அதே சட்டம்தான். எனக்கு இருபத்தைந்து வயதாகிறது, பால்வாடிக்கு எதிரே ரீசார்ஜ் கடை வைத்திருக்கிறேன், இன்றைக்கும் டீச்சர் ரோட்டைத் தாண்டி வந்தால் என் இடது கை தானாக மடங்குகிறது. எறும்புகள் மட்டும், ஆறு கைகளில் எதைக் கட்டுவது எதை வாயில் வைப்பது என்று தெரியாமல் முதல் நாள் கொஞ்சம் தடுமாறின.

புத்தகத்தின் பெயர் எங்கள் யாருக்கும் தெரியாது, ஏனென்றால் பெயர் இருந்த இடத்தில் ஏதோ ஒரு ஆபீஸ் முத்திரை குத்தி வந்திருந்தது. ஒரு பூச்சிக்கு எதிரெதிராக இரண்டு பக்கம், அந்த இரண்டு பக்கத்தையும் அடைத்துக்கொண்டு ஒரே படம், கீழே இரண்டு வரி, அதை வைத்தே டீச்சர் இருபது நிமிஷம் கதை இழுப்பார். பதினைந்து பூச்சி, பால்வாடியில் பதினைந்து பிள்ளைகள். பெயர் எழுதினால் வாசிக்கத் தெரியாத வயது என்பதால், டீச்சர் ஒவ்வொரு பிள்ளையின் டம்ளரிலும் பெயிண்டால் ஒரு பூச்சியை வரைந்து, இதுதான் உன் பூச்சி என்று கொடுத்துவிட்டார். தன் பூச்சியின் பக்கம் வரும் நாளில் அந்தப் பிள்ளை முன்னால் போய் டீச்சர் பக்கத்தில் நின்று பக்கத்தைப் புரட்ட வேண்டும். அன்று அந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் அடித்தாலும் வீட்டில் நிற்காது.

எங்கள் ஊர் கண்ணை முழித்துக்கொண்டது பேன் பக்கம் திறந்த அன்றுதான். பதினைந்து தலைகளிலிருந்தும் பேன்கள் காதோரமாகவும் கழுத்தோரமாகவும் இறங்கி வந்து, உருவம் சின்னது என்பதால் பின்னால் இருந்தால் படம் தெரியாது என்று முதல் வரிசையில் உட்கார்ந்துகொண்டன. செய்தி தெரிந்து மறுவாரம் ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் தலைமுடியை அவிழ்த்துவிட்டுக்கொண்டு வந்து பிள்ளைகளுக்கு நடுவே உட்கார்ந்தார்கள், பேன் இறங்கியதும் தலையில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டார்கள், கதை முடிந்ததும் திரும்பிப் பார்க்காமல் நடந்தார்கள். துண்டு கொண்டுவராத நர்ஸ் ஒருத்தர் மட்டும் ஊர்ப் பேன் முழுவதையும் தலையில் ஏற்றிக்கொண்டு பஸ் ஏறினார்.

அதற்கப்புறம் கேட்க வேண்டுமா! மூட்டைப்பூச்சிப் பக்கத்துக்கு டவுன் லாட்ஜ்காரர் ஆறு மெத்தைகளை மினி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். அரிசிவண்டுப் பக்கத்துக்கு மளிகைக்கடை மிக்கேல் அண்ணாச்சி மூட்டைகளை வாய் பிரித்து வாசலில் அடுக்கினார். கொசுப் பக்கம் படிக்கிற இருபது நிமிஷமும் ஊரில் பெரியவர்கள் எல்லாம் சட்டையைக் கழற்றிவிட்டு நிம்மதியாகக் கண்ணயர்ந்தார்கள். சாணிவண்டுகள் தாங்கள் உருட்டிவந்த உருண்டைகளை வாசலில் செருப்புகளோடு செருப்பாக விட்டுவிட்டு உள்ளே வந்தன, திரும்பும்போது தன் உருண்டை எது அடுத்தவன் உருண்டை எது என்று தினமும் சண்டை போட்டன. கரையான் வந்த அன்று மட்டும் கொஞ்சம் நஷ்டம். அது கதை கேட்டுக்கொண்டே கதவு நிலையைத் தின்றது, அதற்கு வாயில் விரல் வைக்கும் பழக்கம் கடைசிவரை வரவேயில்லை.

பெரியவர்களுக்கு வேண்டியது பேனும் மூட்டைப்பூச்சியும், பிள்ளைகளுக்கு வேண்டியது வண்ணத்துப்பூச்சியும் பொன்வண்டும். சண்டை வந்தது. பஞ்சாயத்தில் தீர்மானம் போட்டு, வாரத்தில் மூன்று நாள் பொதுமக்கள் நலன் சார்ந்த பூச்சிகள், இரண்டு நாள் குழந்தைகள் நலன் சார்ந்த பூச்சிகள் என்று அட்டையில் எழுதிச் சுவரில் மாட்டினார்கள். நாங்கள் எதையும் இப்படித்தான் பழகிக்கொள்வோம், முதலில் தீர்மானம், அப்புறம் அட்டை.

இதில் யாரும் கண்டுகொள்ளாத ஒரு விஷயம் இருந்தது. என்ன பக்கம் படித்தாலும், கதை ஆரம்பிக்கும் நேரத்துக்குப் பத்துப் பன்னிரண்டு கரப்பான்பூச்சிகள் வந்து வாசற்படிக்கு வெளியே நிற்கும். உள்ளே வராது. மீசையை ஆட்டிக்கொண்டு புத்தகத்தைப் பார்க்கும், இன்றைக்கும் நம் பக்கம் இல்லை என்று தெரிந்ததும் மரியாதையாகத் திரும்பிப் போய்விடும். மறுநாள் பதினைந்து வரும்.

உண்மை என்னவென்றால் புத்தகத்தில் பதினாறு பூச்சிகள். புத்தகம் வந்த அன்றே டீச்சர் தனியாகப் புரட்டிப் பார்த்து, நடுவில் இரண்டு பக்கம் அகலத்துக்கு மீசையோடு படுத்திருந்த கரப்பானைக் கண்டு புத்தகத்தை வீசி எறிந்தார். சின்ன வயதில் கோயிலில் ஞாயிறு ஆராதனைக்கு வெள்ளைக் கவுன் போட்டுப் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தபோது கவுனுக்குள் ஒரு கரப்பான் ஏற, பாதிப் பாட்டில் அலறிக்கொண்டு நடுக்கோயில் வழியாக ரோட்டுக்கே ஓடியவர் அவர். அன்றைக்குச் சிரித்த ஊர் இன்னும் நினைப்பில் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறது. அதனால் சட்டியிலிருந்து நாலு சோற்றுப் பருக்கையை எடுத்து நசுக்கி, கண்ணை மூடிக்கொண்டு அந்த இரண்டு பக்கங்களையும் ஒன்றோடொன்று ஒட்டி, மேலே அரிசி டப்பாவைத் தூக்கி வைத்துக் காயவிட்டார். பார்த்தது சுடலியக்கா மட்டும்தான்.

இப்படி எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் கோபிகா வந்தாள்.

கால்வாய்ப் பாலம் கட்ட வந்தவர்களில் கள்ளக்குறிச்சிப் பக்கத்து வேம்பு என்ற பெண்ணின் மகள். நாலரை வயது. பாலத்துக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகையில் குடியிருந்தார்கள். பிறந்ததிலிருந்து ஏழு பாலங்களுக்குப் பக்கத்தில் இருந்திருக்கிறாள், எட்டாவது எங்கள் பாலம். பதினாறாவது பிள்ளையாகச் சேர்ந்தவளுக்கு டீச்சர் புது டம்ளர் எடுத்துக் கொடுத்தார். அதில் படமில்லை.

"டீச்சர், எம் பூச்சி எங்க?"

"நாளைக்கு வரைஞ்சு தாரேன்ட்டி."

மறுநாளும் கேட்டாள். மறுநாளும் டீச்சர் நாளைக்கு என்றார். இப்படியே ரெண்டு மாசம் போயிற்று. மற்றப் பிள்ளைகள் சும்மா இருக்குமா? பேன் டம்ளர் வைத்திருந்த பயல்கூட, "ஏய், ஒனக்குப் பூச்சியே கெடையாதுட்டி" என்று பழித்தான். கோபிகா அழவில்லை. வெறும் டம்ளரில் பால் வாங்கிக் குடித்துவிட்டு, கதை நேரத்தில் கையைக் கட்டி, விரலை வைத்து, ஒவ்வொரு பக்கம் திரும்பும்போதும் கழுத்தை நீட்டிப் பார்த்தாள்.

ஒருநாள் கதை நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் பிள்ளைகள் கை கழுவப் போயிருந்த சமயம் அவள் புத்தகத்தை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். ஒரு தாள் மட்டும் தடிமனாக இருந்தது. வெயில் பட்டதும் தாளுக்குள்ளே நீளமாக இரண்டு மீசை தெரிந்தது.

"டீச்சர்!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினாள். "உள்ள யாரோ இருக்காங்க டீச்சர்! எம் பூச்சி உள்ள மாட்டிக்கிச்சு!"

தெருவுக்குக் கேட்டது என்றால் மிக்கேல் அண்ணாச்சிக்குக் கேட்டது என்று அர்த்தம். அண்ணாச்சி வாசலில் நின்ற கரப்பான்களையும் பார்த்தார், ஜன்னலில் தெரிந்த மீசையையும் பார்த்தார், அன்று மாலையே தலைவரையும் எங்கள் எட்டுப் பேரையும் கூட்டிக்கொண்டு டீச்சரிடம் வந்துவிட்டார்.

"டீச்சரம்மா, ஒரே ஒரு நா அந்தப் பக்கத்தைப் படிச்சிருங்க போதும்," என்றார் தலைவர். "ஊர்ல உள்ள அம்புட்டு கரப்பானும் ஒரே எடத்துல வந்து உக்காரும். பிள்ளையள வெளிய கூட்டியாந்திருவோம். நாங்க பத்துப் பேரு ஸ்ப்ரே மருந்தோட நிக்கோம். மிச்சத்த நாங்க பாத்துக்கிடுதோம்."

டீச்சர் அவரைப் பார்த்தார். "கதை கேக்க வாரதுகளயா?"

"கரப்பாந்தான டீச்சரம்மா! ஒங்களுக்கே அது ஆகாதுல்லா. கோயில்ல நீங்க ஓடுன ஓட்டத்த நானும் பாத்தவந்தான்."

டீச்சர் முகம் செத்துப் போயிற்று. அந்தப் பக்கம் கிழிந்துவிட்டது என்று ஒரு பொய்யைச் சொல்லி எங்களை அனுப்பிவிட்டு உட்கார்ந்துகொண்டார். பாவம், அவர் நிலைமை அப்படி. பக்கத்தைத் திறந்தால் அந்தப் பூச்சியை நேருக்கு நேர் பார்க்க வேண்டும், அதுவும் ஒன்றிரண்டு அல்ல, ஊர்க் கரப்பான் முழுவதையும். அவ்வளவும் பார்த்த பிறகு அவற்றை நாங்கள் கொல்ல அவர் தரகு செய்ததாக ஆகும். திறக்காவிட்டால் கோபிகாவின் டம்ளர் வெறும் டம்ளர்.

வியாழக்கிழமை வேம்பு வந்தாள். கையில் சிமெண்ட் காய்ந்திருந்தது. "டீச்சர், பாலம் முடிஞ்சிடுச்சி. சனிக்கெழம லாரி வருது, அரியலூர்ப் பக்கம் போறோம். நாளைக்கு மட்டுந்தான் பாப்பா வரும்." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னாள்: "எம் பூச்சிய வுட்டுட்டு வர மாட்டேன்னு ஒரே அழுவ. இங்க அழுவுறதில்லயாமே, வூட்ல வந்துதான் எல்லாத்தையும் அழுவுது. என்ன பூச்சி டீச்சர் அது?"

டீச்சர் கோபிகாவின் வெறும் டம்ளரை எடுத்துக் கழுவ ஆரம்பித்தார். அவள் போன பிறகு சுடலியக்காவிடம், "செத்தாலும் என்னால முடியாதுக்கா" என்றார்.

"சாவாண்டாம் டீச்சர்," என்றாள் சுடலியக்கா. "கண்ண மூடிக்கிட்டுத் தொறங்க. ஒட்டும்போதும் மூடிக்கிட்டுத்தான ஒட்டுனீய?"

வெள்ளிக்கிழமை காலை சோறு கொதித்துக்கொண்டிருந்தபோது டீச்சர் புத்தகத்தைக் கொண்டுவந்து ஆவியில் காட்டினார். சோற்றுப் பசை சோற்று ஆவிக்கே இளகிக் கொடுத்தது. ஓரத்தில் கரண்டிக் காம்பை விட்டு மெதுவாகப் பிரித்தார். உள்ளே மீசை, அப்புறம் தலை, அப்புறம் பழுப்பு இறக்கை. அலறல் தொண்டைவரை வந்துவிட்டது. டீச்சர் தன் விரலையே தன் உதட்டில் வைத்து அமுக்கிக்கொண்டார். கதை நேரம் இன்னும் ஆகவில்லை என்பதால் ஒரு கரப்பானும் வரவில்லை.

இதற்குள் சுடலியக்கா கறிவேப்பிலை வாங்க அண்ணாச்சி கடைக்குப் போய்வந்திருந்தாள். அவளைக் குற்றம் சொல்லிப் பிரயோஜனமில்லை, கறிவேப்பிலைக்கு நிற்கிற நேரத்தில் வாயை வைத்துக்கொண்டு வேறு என்ன செய்வாள்? பதினோரு மணிக்கு நாங்கள் பத்துப் பேரும் ஆளுக்கொரு ஸ்ப்ரே டப்பாவோடு பால்வாடிச் சுவரோரம் குனிந்து நின்றோம்.

"கோபிகா, முன்னால வா," என்று டீச்சர் கூப்பிடுவது கேட்டது.

பக்கம் திறந்தது. கரப்பான்கள் வந்தன. சாக்கடை மூடிக்குக் கீழிருந்தும், சாமி காலண்டர்களுக்குப் பின்னாலிருந்தும், பிரிட்ஜ்களின் அடியிலிருந்தும், அண்ணாச்சியின் கல்லாவிலிருந்தும், தலைவருடைய ஸ்கூட்டர் பெட்டிக்குள்ளிருந்தும், ரேஷன் கடைச் சாக்குகளிலிருந்தும், நான் ரிப்பேருக்கு வாங்கிவைத்திருந்த செல்போன்களின் முதுகிலிருந்தும் வந்தன. இத்தனை நாள் வாசலோடு நின்றவை முன்னால் வர, மற்றவை பின்னால் வர, எங்கள் கால்களைத் தொட்டும் தொடாமலும் தாண்டி, வாசற்படி ஏறி, பிள்ளைகளின் பாய்க்கு இருபுறமும் ஒதுங்கி, தரை தெரியாமல் உட்கார்ந்தன. ஒன்றுகூடப் பறக்கவில்லை. பிள்ளைகள் கையைக் கட்டி விரலை வைத்திருந்தார்கள். டீச்சர் கண்ணை இறுக்க மூடியிருந்தார், கண்ணை மூடிக்கொண்டு எப்படி வாசிப்பது?

"டீச்சர், நான் சொல்லவா?" என்றாள் கோபிகா.

தலைவர் அந்த நேரம் பார்த்து, "வாங்கலே!" என்று கையசைத்தார். பத்துப் பேரும் தடதடவென்று உள்ளே புகுந்தோம்.

கோபிகா திரும்பிப் பார்த்தாள். அவள் கோபப்படவில்லை, பயப்படவுமில்லை. தாமதமாக வந்த பிள்ளைகளைப் பார்க்கிற பார்வைதான் அது.

"கையக் கட்டுங்க," என்றாள். "வாயில வெரலு."

என் இடது கை மடங்கிவிட்டது. சத்தியமாக நான் மடக்கவில்லை, அது மடங்கிவிட்டது. வலது கை வாய்க்குப் போயிற்று. ஸ்ப்ரே டப்பா கீழே விழுந்து உருண்டது. பக்கத்தில் இன்னொரு டப்பா உருண்டது, அப்புறம் வரிசையாக உருண்டன. அந்தச் சட்டத்தில் ஒரு வசதி இருக்கிறது, இரண்டு கைக்கும் வேலை கொடுத்துவிடும், ஒரு கைகூட மிச்சமிருக்காது. கடைசிவரை டப்பாவோடு நின்றவர் தலைவர்தான். அவரைப் பிள்ளைகள் பதினைந்து பேரும் கரப்பான்கள் அத்தனையும் திரும்பிப் பார்த்தபோது, அவரும் டப்பாவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கையைக் கட்டி, விரலை வைத்து, மெதுவாகத் தரையில் இடம் பார்த்து உட்கார்ந்தார்.

கோபிகாவுக்கு வாசிக்கத் தெரியாது. படத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"இதுதான் எம் பூச்சி. இதுக்கு மீச இருக்கு. இதுக்கு எல்லா ஊருலயும் வூடு இருக்கு. ஒங்க வூட்லயும் இருக்கு, ஒங்க வூட்லயும் இருக்கு, தலவரு வூட்லயும் இருக்கு. போ போன்னு எல்லாரும் சொல்லுவாங்க. அடிப்பாங்க. அது போவாது. பாலம் முடிஞ்சாக்கூடப் போவாது."

பக்கத்தைக் கையால் தடவிக் கொடுத்தாள். "அவ்ளோதான் கத."

யாரும் எழுந்திருக்கவில்லை. கதை முடிந்தால் விரலை எடுக்கலாம் என்பது சட்டம், ஆனால் எனக்கு எடுக்கத் தோன்றவில்லை. அழுகை வந்தது, சொல்ல என்ன வெட்கம்? அண்ணாச்சி மூக்கை உறிஞ்சினார். டீச்சர் அப்போதுதான் கண்ணைத் திறந்தார். அவர் பாதத்தின் மேல் ஒரு கிழட்டுக் கரப்பான் உட்கார்ந்து படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. இடம் கிடைக்கவில்லை போலிருக்கிறது. டீச்சர் அதைப் பார்த்தார், காலை நகர்த்தவில்லை. எல்லாம் எழுந்து அவரவர் வீட்டுக்குப் போகும்வரை அது அங்கேயே இருந்தது, கடைசியாக இறங்கிப் போனது.

அதற்குப் பிறகு ஊரில் கரப்பானை அடிக்க யாருக்கும் கை வரவில்லை. கூட உட்கார்ந்து கதை கேட்டவனை எப்படிச் செருப்பால் அடிப்பது? நாலு நாள் கை வரவில்லை. ஐந்தாம் நாள் வந்துவிட்டது, நாங்களும் மனுஷர்கள்தானே.

ஆனால் அதே வெள்ளிக்கிழமை மத்தியானம் டீச்சர் பெயிண்டை எடுத்துவைத்துக்கொண்டு, புத்தகத்தைப் பக்கத்தில் விரித்துவைத்து, கண்ணை நன்றாகத் திறந்து, கோபிகாவின் டம்ளரில் ஆறு காலும் இரண்டு மீசையும் வைத்து ஒரு கரப்பானை வரைந்தார். உலர்ந்ததும் டம்ளரைக் கவிழ்த்து அடியில் தன் போன் நம்பரை எழுதினார். மறுநாள் லாரியில் சிமெண்ட் சட்டிகளுக்கும் தகரங்களுக்கும் நடுவே கோபிகா அந்த டம்ளரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், புதுப் பாலத்தின் மேலே லாரி போனபோது எங்களுக்குக் கையாட்டினாள்.

ஜூன் மாதம் ஒரு காலையில் டீச்சர் போனுக்கு ரீசார்ஜ் பண்ண என் கடைக்கு வந்து நின்றபோது தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு வந்தது. டீச்சர் ஸ்பீக்கரில் போட்டார்.

"வணக்கங்க டீச்சர், நான் அரியலூர்ப் பக்கத்துலேர்ந்து அங்கன்வாடிப் பணியாளர் பேசறேங்க. ஒரு பாப்பா புதுசா வந்திருக்குதுங்க. டம்ளர் அடியில ஒங்க நம்பர் இருந்துச்சு. எம் பூச்சிப் பக்கத்தப் படிச்சாத்தான் பால் குடிப்பேன்னு ஒரே அடம். எங்கிட்ட அப்படிப் புத்தகமே இல்லீங்களே, நான் என்ன பண்றது?"

"கவலப்படாதீங்க, நான் இங்கன இருந்து சொல்லுதேன்," என்றார் டீச்சர். "நீங்க போன நடுவுல வச்சிட்டு, கதவ மட்டும் நல்லாத் தொறந்து வைங்க."

"கதவு எதுக்குங்க?"

"காத்தோட்டத்துக்கு."

டீச்சர் புத்தகத்தைத் தேடவில்லை. புத்தகத்தில் அச்சடித்திருந்த இரண்டு வரி அவருக்குத் தேவைப்படவும் இல்லை. கோபிகா சொன்னதை, அவள் சொன்ன மாதிரியே, கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு சொன்னார். இதுதான் கோபிகாவோட பூச்சி. இதுக்கு மீச இருக்கு. இதுக்கு எல்லா ஊர்லயும் வீடு இருக்கு.

போனில் முதலில் சரசரவென்று ஒரு சத்தம் கேட்டது. அப்புறம் ஒரு அலறல் வந்தது பாருங்கள், என் கடைக் கண்ணாடி அதிர்ந்தது. எங்கோ ஒரு நாற்காலி விழுந்தது, ஏதோ பாத்திரம் உருண்டது.

"டீச்சர்," என்று ஒரு சின்னக் குரல் கேட்டது, அவசரமே இல்லாமல். "கையக் கட்டுங்க. வாயில வெரலு."

அலறல் நின்றது. எஸ்தர் ரூபி டீச்சர் போனைக் கடை மேசைமேல் வைத்தார். நாங்கள் இரண்டு பேரும் கையைக் கட்டி, விரலை வைத்துக்கொண்டோம்.